தாடையால் மடித்த விரிப்புகள்

அவள் கைகள் பச்சைத் துணிகளில் ஒட்டியிருந்த நூல்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தன. கண்கள் அந்த வேலையில் இல்லை. அடுத்த மேசையில் ஒருவர் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். கண்கள் அவர்மேல் இருந்தன. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடம் அது. உலர்த்தும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் ரகசியம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து, வேலையிடத்துக்கே கூடப் போய் நின்று பழக்கிவிட்டு வருவது எங்கள் பயிற்சி நிலையத்தின் பணி. அங்கே அவளுக்குப் பெயர் அவசரம். துணிக்கடையில் நின்று முட்டி தேய்ந்துபோய், அரைநாள் வேலை என்று யாரோ சொன்னதை நம்பி எங்களிடம் பயிற்சியாளராக வந்தவள். அரைநாள் என்பது அவள் அகராதியிலேயே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்தால், முடிப்பவள் இவளாகத்தான் இருப்பாள். "எங்க வீட்டுக்காரர் உப்புன்னு வாயத் திறக்குறதுக்குள்ள தட்டுல உப்பு விழுந்துரும்மா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். யாரும் திணறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நல்ல குணம்தான். இந்த வேலைக்கு ஆபத்தான குணமும் அதுதான்.

விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவதால் சலவைக்கூடத்தில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். தங்கை காலையில் வேலைக்குப் போகும்போது அண்ணனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாள். முன்பு ஒருமுறை அவர் வெளியே நடந்து தொலைந்துபோய், போலீஸ் நிலையத்தில் கண்டுபிடித்த பிறகு வந்த ஏற்பாடு அது. எங்களிடம் வந்த பிறகுதான் பகலில் பூட்டு இல்லை.

மறுநாள் காலை சோதனை. சலவைக்கூட மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவசரம் வெளியே வராந்தாவில் இருக்க வேண்டும். தேறினால் வேலை. வேலை கிடைத்தவர்களுக்கு நிலையத்தில் தொடர்ந்து பயிற்சி உண்டு. தேறாவிட்டால் நிலையத்தில் அவருடைய இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும், அவர் பூட்டுக்குத் திரும்புவார். விதி அப்படி. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், மாறவில்லை.

பயிற்சியாளர்களைக் கவனிப்பது என் பொறுப்பு; எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அன்று நான் போயிருந்தேன். விரிப்புகள் கத்தி வைத்து வெட்டினாற்போல் அடுக்கப்பட்டிருந்தன. நானும் திருப்தியாகத்தான் நின்றேன். கெடுத்தவர் இஸ்திரிக்காரர்.

"ஏம்மா, மாப்பிள்ளை கையால மடிக்கிறாரு, நீங்க தாடையால மடிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் வேலை குடுப்பாங்களா?"

"உங்க இஸ்திரிப் பெட்டியப் பாருங்க, புகையுது" என்றாள் அவசரம்.

நான் விரிப்பை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் முன்னால் மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். அவள் தாடை ஒரு நெல்லளவு உயர்கிறது. அவர் மடிக்கிறார். முனை கோணலாக வந்தால் அவள் புருவம் சுருங்குகிறது, அவர் பிரிக்கிறார். அவள் வாயே திறக்கவில்லை. தான் இப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியாது.

"கொஞ்சம் அந்த அலமாரிக்குப் பின்னாடி போய் நில்லு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"நில்லேன்."

போனாள். மாப்பிள்ளை பாதி மடித்த விரிப்போடு நிமிர்ந்தார். அங்கே அவள் முகம் இல்லை. அப்படியே நின்றார். கூப்பிடவில்லை, தேடவில்லை. ஒரு முனை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தார், எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல ஆள் இல்லையே. அலமாரிக்குப் பின்னாலிருந்து அவசரம் ஓடி வந்தாள்.

"பாத்தியா? வந்துட்ட" என்றேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா" என்றாள் இரண்டு முறை.

மத்தியானம் முழுவதும் முயன்றோம். முதலில் அவள் முதுகைக் காட்டி நின்றாள். அவர் மேசையைச் சுற்றி வந்து, அவள் தோளை மெல்லத் தொட்டு, "டீச்சர், மூஞ்சி இந்தப் பக்கம்" என்றார். இஸ்திரிக்காரர் சிரித்துவிட்டார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒழுங்காக மடித்த விரிப்பு ஒன்றை மாதிரிக்காக அவர் கைப்பக்கத்தில் வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்கினோம். அவள் நான்கு அடி தள்ளி நின்றவரை நடந்தது. கதவுக்கு வெளியே போனதும் கை நின்றுவிட்டது. மாதக்கணக்கில் ஊறிய பழக்கம் ஒரு மத்தியானத்தில் போகுமா?

சாயங்காலம் அண்ணனைக் கூட்டிப்போகத் தங்கை வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள்.

"அக்கா, வராந்தாப் பக்கம் கண்ணாடி ஜன்னல் இருக்குல்ல? அங்க நின்னு அண்ணனைப் பாத்துக்கிட்டே இருங்க. போதும்."

அவசரம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு நாள்தான் அக்கா. யாருக்குத் தெரியப்போகுது? வேலை கைக்கு வந்துட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் யாரு ஜன்னல்ல நிப்பா?" என்றேன் நான். "அவளுக்கு அடுத்த வாரம் வேற ஆளு. இவர் விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. மூணாம் நாள் அனுப்பிருவாங்க. வேலை பழகாத ஆளத்தான் அனுப்புனீங்கன்னு, நம்ம மத்த பிள்ளைங்களையும் சேத்துத் திருப்பிருவாங்க."

"உங்களுக்கென்னம்மா, ஈஸியா சொல்லிட்டீங்க. பூட்டுற கை என்னோடது" என்றாள் தங்கை.

அவசரம் குனிந்து அந்தப் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "சரி. ஜன்னல்ல நிக்கிறேன், போ" என்றாள்.

அவளைத் தடுக்க எனக்கு வழி இருந்தது. மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாமா, விடலாமா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன், முடிவெடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை நான் போகும்போது அவள் வராந்தாவில் ஒரு முக்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். கண்ணாடி ஜன்னலை ஒரு பழைய விரிப்பால் மூடி, மேல்முனைகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே மேற்பார்வையாளர், கைகட்டி.

"சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நேத்து அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. அவ அழுதுருவாளோன்னு வாயில வந்துருச்சு."

"தப்பா வந்தா தப்புதாங்க. நான் சலுகை குடுக்க மாட்டேன்" என்றார் மேற்பார்வையாளர். என்னை உள்ளே விட்டார், தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தரையைத்தான் பார்த்தேன், பெரும்பாலும்.

முதல் விரிப்பை மாப்பிள்ளை பாதிவரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார். மூடிய ஜன்னலைப் பார்த்தார். இஸ்திரிக்காரரைப் பார்த்தார், அந்த மனுஷன் அவசரமாகக் கூரையை ஆராய ஆரம்பித்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு மாப்பிள்ளை மாதிரி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்ததை முழுதாக உதறிப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினார். யாரும் சொல்லாமல்.

கோணலாகத்தான் வந்தது. அடுத்ததும் கோணல். மூன்றாவது நேராக வந்தது, ஆனால் அதற்குள் பக்கத்து மேசைக்காரி ஒரு கட்டு முழுக்க அடுக்கி முடித்திருந்தாள்.

"ஷீட்டு ஆகாது" என்றார் மேற்பார்வையாளர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ரொம்ப மடிப்பு. தலையணை உறை குடுத்துப் பாப்போம், அது ஒரே மடிப்பு." ஒரு வண்டி உறைகளைத் தள்ளி வந்து நிறுத்தினார். மாப்பிள்ளை ஒன்றை எடுத்தார், மடித்தார், வைத்தார். நிமிர்ந்து கதவைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார்.

வண்டி பாதி காலியான பிறகு மேற்பார்வையாளர் வராந்தாவுக்கு வந்தார். "காலையில மட்டும் வரட்டும். உறைக்குத்தான். ஷீட்டு பழகுனா அப்புறம் முழுநாள் பேசலாம்."

அவசரம் உள்ளே போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டாள். முதல் தடவை வேறு யாருக்கோ போனது.

"காலையில மட்டும்தான்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல, பூட்ட வேண்டாம். மத்தியானம் நானே நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஷீட்டு பழகணும்ல."