பரோட்டாக் கடை மாடியில் ஒரு ரகசியக் குரூப்

கம்பத்தில் நான் போய்க்கொண்டிருந்த பிரவுசிங் சென்டர், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. மோடம் கீச்சு கீச்சென்று கத்தி லைன் கிடைப்பதற்குள், சால்னா வாசம் படியேறி வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும்.

நான் அங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? தின்பதை நிறுத்த முடியாதவர்களின் குரூப்!

2005 வாக்கில் இருக்கும். எனக்கு இருபத்தாறு வயது, உரக்கடையில் வேலை. நாலு பேர் முன்னால் இரண்டு இட்லிக்கு மேல் தொடமாட்டேன். கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கி விளையாடிவிட்டு எழுந்துவிடுவேன். "தங்கமான புள்ள, வாயக் கட்டுன புள்ள" என்று தெருவில் பேர்.

தனியாக இருக்கும்போது கதையே வேறு. பசி இருக்காது, கை மட்டும் நிற்காது. முடிந்ததும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்...

ஒரே கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் அல்லவா? உத்தமபாளையத்தில் ஒரு பார்சல், அனுமந்தன்பட்டியில் ஒரு பார்சல் என்று பிரித்து வாங்கினேன். பெரிய துப்பறியும் மூளை என்று நினைப்பு. இரண்டு கடைக்காரர்களும் சம்பந்திகள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒருநாள் கேபின் திரையை இழுத்துவிட்டு, 'ஒய் ஐ ஈட் ஹைடிங்' என்று தட்டினேன். அந்த இங்கிலீஷுக்கும் இரக்கப்பட்டு ஒரு குரூப் வந்து நின்றது. எங்கெங்கோ இருப்பவர்கள் என் கதையை எழுதி வைத்திருந்தார்கள். இது ஒரு நோய், இதற்கு மருத்துவம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே பேர் தின்னிப்பண்டாரம்.

சந்தோஷத்தில் சேர்ந்துவிட்டேன். நம் ஊர் மரியாதையோடு முதல் மெசேஜ் போட்டேன்: 'ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! ஹேட் யுவர் லஞ்ச்?'

பத்தே நிமிடத்தில் எச்சரிக்கை. சாப்பாட்டை விசாரிக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதியாம். சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் ஒரு மனுசனோடு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? இரண்டு நாள் யோசித்து, 'உங்க பக்கம் மழையா?' என்று திரும்ப நுழைந்தேன்.

அதற்குப் பதில் போட்டவர் கோட்டயத்துப் பக்கம் ஒரு டீச்சர். சேச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கும் இதே பாடுதான், மீண்டு வந்துகொண்டிருந்தார். அவர் சொன்னது இரண்டு விஷயம். டாக்டரைப் பார். அப்புறம், வேளாவேளைக்கு நம்பிக்கையான ஒருவரை எதிரில் உட்கார வைத்துச் சாப்பிடு. எதிரில் இருப்பவர் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசக்கூடாது.

எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திய சத்தம் சென்டர் நடத்திய பாய் காதில் விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்தவர் கண்ணில் ஸ்கிரீனில் இருந்த சேச்சியும் கோட்டயமும் பட்டிருக்கிறது. பாய் அம்மாவுக்குத் தெரிந்தவர். வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏலே, யாருலே அந்தக் கேரளாப் பொண்ணு? பாய் எல்லாத்தையும் சொல்லிட்டாக. கட்டணும்னா கட்டிக்க. அங்கன கப்பக்கிழங்குதான் திம்பாகளாம், நானும் பழகிக்கிறேன்."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. காதல் என்று ஒத்துக்கொண்டால் கௌரவம். உண்மையைச் சொன்னால் தங்கமான புள்ள பட்டம் போய்விடும். ஆனால் இப்போது விட்டால் இனி வாயே திறக்கமாட்டேன் என்றும் தெரிந்தது.

"பொண்ணு இல்லம்மா... சோறு" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"தெரியும்லே. அனுமந்தன்பட்டிக் கடைக்காரக போன வருசமே சொன்னாக. எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல."

சேச்சியின் விதிகளைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வச்சுக்க என்று சொல்லக்கூடாது, போதுமா என்று கேட்கக்கூடாது, தட்டைப் பார்க்கக்கூடாது. அம்மா கலங்கிப்போய்விட்டாள்.

"அப்பறம் என்னத்தலே பேசுறது?"

மறுநாள் மதியம் எதிரில் உட்கார்ந்தாள். கரண்டியைக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள். வாய் சும்மா இருக்க முடியாமல், எதிர்வீட்டு மருமகள் மாமியாரோடு கோபித்துக்கொண்டு தனி அடுப்பு வைத்த கதையை ஆரம்பித்தாள். கதை சுவாரஸ்யம்... முடிந்தபோது தட்டு காலி. ஒரு ஆள் முன்னால் முழுச்சாப்பாடு, எத்தனையோ வருஷம் கழித்து! அவள் தட்டையே பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி அவ்வளவு நன்றாக நடித்தாள்.

மதுரை டாக்டரிடமும் அவள்தான் கூட்டிப்போனாள். அடுப்புக் கதையில் பாதியை பஸ்ஸில் சொன்னாள், மீதியை டாக்டரிடம். குணமாக ரொம்ப நாள் பிடித்தது. நடுவில் சறுக்கியதும் உண்டு.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை. திரை போட்ட கேபின் வேண்டாம், குரூப் சட்டைப்பையிலேயே இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. கூச்சம் மட்டும் அன்றைக்கு இருந்த அதே சைஸில் இருக்கிறது. அம்மாதான் இல்லை.

போன வாரம் குரூப்பில் ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், கெங்குவார்பட்டிக்காரர், திருப்பூரில் ஒற்றை ரூமில் வாசம். டாக்டரைப் பார்க்கிறாராம், எதிரில் உட்காரத்தான் ஆள் இல்லையாம். மதியம் வீடியோ கால் போட்டேன். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

என் சகலை புதுக்கார் வாங்கி, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் மாமனார் வீட்டுச் சந்துக்குள் மூன்று நாள் மாட்டிக்கிடந்த கதையை எடுத்துவிட்டேன். கார் சந்துக்குள் நுழையும்வரை அவர் கை அசையவில்லை. இரண்டாம் நாள் சகலையின் பெண்டாட்டியும் மாமியாரோடு சேர்ந்து அவரைத் திட்ட ஆரம்பித்த இடத்தில், வேண்டுமென்றே நிறுத்தினேன்.

வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்.

"ம்... அப்பறம்?"