இன்ஜின் போனால்தான் லெபாயோ போகலாம்

பசிபிக் கடல் நடுவே, தொக்கெலாவில் எங்கள் தீவுக்கு வெளிச்சம் கொடுப்பவர் லெபாயோ. டீசல் இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் அவருக்கு வந்த வினை. யாருக்காவது அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தால், அவன் அடுத்த கப்பலிலேயே நியூசிலாந்துக்குப் பிழைக்கப் போய்விடுவான். சொல்லிக்கொடுத்தவர் கரையில் நின்று கையாட்டுவார்.

அவருடைய மனைவி ஹினாவும் அங்கேதான், மகள் வீட்டில். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே அதற்கு வழியில்லை. இனி அவள் திரும்ப முடியாது, அவர்தான் போக வேண்டும். பெரியவர்கள் சபையோ, இன்ஜின் இருக்கும்வரை ஆளும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதனால்தான் சூரியத் தகடுகள் வந்தபோது, இன்ஜின்காரரே முதல் ஆளாக முழங்கால் தண்ணீரில் இறங்கி பேட்டரிகளைச் சுமந்தார். "இன்ஜினுக்குச் சக்களத்தியத் தோள்ல தூக்கிட்டு வர்றீரே" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். வெயில் மேல் அவருக்கு இருந்த ஆசை எங்களில் எவருக்கும் இல்லை.

வெயில் ஏமாற்றவில்லை. இன்ஜின் வாய் மூடிக் கிடந்தது. கெடுத்தது நாங்கள்தான். எங்கள் ஊரில் பிடித்த மீனெல்லாம் கரையில் குவியும். பங்கு பிரிப்பவர் பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் பங்கு உண்டு. மின்சாரத்தையும் மீன் மாதிரியே நினைத்துவிட்டோம். வீட்டுக்கு ஒரு ஃப்ரீசர், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஒன்று என்று சபை முடிவெடுத்தது. உறவுக்காரர்கள் அதையும் நிரப்பி ஓடவிட்டார்கள். அன்று எழுந்து நின்று, அதுதான் நியாயம் என்றவர் சாட்சாத் லெபாயோ. மழைக்காலம் வந்ததும் ஃப்ரீசர்கள் பேட்டரிகளைக் குடித்துத் தீர்த்தன. இன்ஜின் மறுபடி இரும ஆரம்பித்தது.

இந்த முறை கப்பல் வந்து நின்றபோது சபை கூடியது. இன்ஜினை அதில் ஏற்றி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பதுதான் பேச்சு. இருந்தால் காசைக் கரியாக்குகிறது என்றார் ஒருவர். போனால் வெயிலில்லாத நாளில் என்ன கதி என்றார் இன்னொருவர். சபைத் தலைவர் கிரிஃபி லெபாயோ பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லுப்பா. வெயில் மட்டும் போதுமா?"

லெபாயோ காலையிலேயே பையைக் கட்டி வைத்திருந்தார். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே கப்பலில் இருக்கலாம். ஆனால் மருந்தகத்தில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் இன்சுலின் அவர் கண்முன் வந்து நின்றது.

"நாலு நாள் சேர்ந்தாப்ல மழை பிடிச்சா போதாதுங்க" என்றார். "பூட்டின வீட்டு ஃப்ரீசரையெல்லாம் அணைச்சிட்டா போதும்."

"ஊர்ல இல்லாதவங்க பங்க எடுக்கச் சொல்றியா?" என்றார் கிரிஃபி. "அப்ப ஹினா பங்கையும் நிறுத்திரலாமா?"

இன்ஜின் இருக்கட்டும், இன்னும் தகடுகள் கேட்டு எழுதிப் போடலாம் என்று சபை கலைந்தது. அந்தத் தகடுகள் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஹினா போன் செய்தாள்.

"ஏறிட்டீங்களா?"

"அடுத்த கப்பல்ல பாக்கலாம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அதோடு போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் கரையில் மீன் பிரித்தார்கள். ஹினாவின் பெயரைக் கூப்பிட்டதும் லெபாயோ போய் அவள் பங்கை வாங்கிவந்து ஃப்ரீசரைத் திறந்தார். தான் போகும்போது அவளுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு துண்டுகூடத் தொடாமல் சேர்த்த மீன், மூடிவரை நிறைந்திருந்தது. புதிதையும் எப்படியோ திணித்து மூடினார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டீசல் கேனை எடுத்துக்கொண்டு இன்ஜின் கொட்டகைக்கு நடந்தார்.