இல்லாதவனின் குலப்பெயர்

ஸப்ரி அளவுக்கு வெற்றிகளைப் பார்த்தவர் பாக்தாதில் யாரும் கிடையாது. முந்தைய ஆட்சியில் செய்தி அமைச்சகத்தில் இருபது வருடம் உட்கார்ந்து, எந்தப் போரிலும் நாங்கள் தோற்காமல் பார்த்துக்கொண்டவர் அவர். தோற்ற செய்தியை எழுதும் வேலை வேறு யாருடையதோ, அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. பிறகு ஆட்சி கவிழ்ந்தது, அமைச்சகம் எரிந்தது, ஸப்ரி எட்டு மாதம் வீட்டில் இருந்தார். அப்போது ஆற்றுக்கு அக்கரையில் கான்கிரீட் சுவர்களுக்குள் இருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவரைக் கண்டுபிடித்தது. மக்கள் தொடர்புக் கம்பெனி என்றார்கள். மக்களோடு அதற்கு இருந்த ஒரே தொடர்பு ஸப்ரிதான்.

ஏற்பாடு எளிமையானது. கம்பெனியில் டெரெக் என்றொரு இளைஞன், சுவரைத் தாண்டி வெளியே வராமலே எங்கள் நாடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவான். ஸப்ரி அதை அரபியில் எழுதி எங்கள் பத்திரிகைக்குக் கொண்டுவருவார். உரிமையாளர் அபூ நிஸார் கம்பெனியின் பண உறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் ஆளே எழுதியது போல மூன்றாம் பக்கத்தில் போடச் சொல்வார். பக்கம் கட்டுவது நான். சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலையில் சேர்ந்தது.

ஸப்ரியின் கெட்ட காலம், அவருக்கு எழுத வந்தது. 'மின்விநியோகம் முன்னேறியுள்ளது' என்று டெரெக் ஒரு வரி எழுதினால், இவர் அதில் ஒரு விதவையைக் கொண்டுவருவார், அவள் வீட்டுக் குளிர்பெட்டியில் மூன்று வருடத்துக்குப் பிறகு தயிர் புளிக்காமல் இருக்கும், படிக்கிறவன் கண் கலங்கும். அந்தக் கட்டுரையை எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் எழுதினார். பாதியில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. டெரெக்கின் தாளாலேயே விசிறிக்கொண்டு மீதியை முடித்தார்.

எழுதுபவனுக்கு ஒரு பெயர் வேண்டுமே. ஃபாதில் என்று வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். "குலப்பேர் இல்லாம எழுதினா எவன் மதிப்பான்? அப்பன் யாருன்னு தெரியாதவன்னு நினைப்பான்" என்று சொல்லி, அல்-தவ்வாரி என்று சேர்த்தார். தென்கிழக்கே கூத் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் சின்னக் குலம் அது. பட்டாளத்தில் ஒருமுறை காதில் விழுந்த பெயர். அங்கே எங்கள் பத்திரிகையை யார் படிக்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. எங்கள் பத்திரிகையை இங்கேயே யாரும் படிப்பதில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

படித்தார்கள். 2005 வசந்தத்தில் ஃபாதிலுக்கு வாரம் பத்துக் கடிதம் வந்தது. ஒருவர் தம் மகளுக்கு அவரைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். ஸப்ரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் தலைகால் புரியாமல் திரிந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை தவ்வாரிக் குலத்துப் பெரியவர் ஹாஜி முத்லக் நாலு ஆட்களோடு அலுவலகத்துக்கு வந்தார். அபூ நிஸார் பின்வாசல் வழியாகத் தொழுகைக்குப் போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஸப்ரி காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹாஜி கிண்ணத்தை வாங்கி, வாயில் வைக்காமல், தன் முன்னே தரையில் வைத்தார். எங்கள் பக்கம் அப்படி வைத்தால், கேட்டதைத் தருவதாகச் சொல்லும்வரை குடிக்க மாட்டேன் என்று பொருள். சொல்லிவிட்டுப் பின்வாங்கியவன் அதன்பிறகு யார் முகத்திலும் விழிக்க முடியாது.

ஹாஜி நிதானமாகச் சொன்னார். அவர்கள் குலத்தில் ஒரே ஒரு ஃபாதில்தான் உண்டு. கணக்கு வாத்தியார், லீவ் லெட்டரைக்கூட மனைவியை விட்டு எழுதச் சொல்பவர். அவர் வீட்டு வாசலில் ஒரு உறை கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு தோட்டாவும், அந்நியனுக்கு எழுதும் கையை வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று ஒரு சீட்டும்.

"உஸ்தாத், அதை எழுதுற ஆளை எங்களுக்குக் காட்டுங்க."

"அப்படி ஒரு ஆளே இல்ல ஹாஜி" என்றார் ஸப்ரி.

"இல்லாத ஆளா வாரா வாரம் எழுதுறான்?"

"ஆமா ஹாஜி."

"அப்ப இல்லேன்னு எழுதிடுங்க. அதுல என்ன கஷ்டம்?"

இருபது வருடம் அமைச்சகத்தில் இருந்தவர் கிண்ணத்தை ஹாஜியின் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "குடிங்க ஹாஜி. கேட்டது கிடைக்கும்" என்றார். ஹாஜி ஒரே மடக்கில் குடித்தார். எங்கள் அலுவலகக் காப்பியை யாரும் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.

மறுப்புப் போட்டால் கம்பெனி கையைவிட்டுப் போய்விடும் என்று அபூ நிஸார் குதித்தார். டெரெக் பெரிய மனது வைத்து ஒரு யோசனை சொன்னான். புதன்கிழமை புதுக் கட்டுரையே வந்துவிட்டது: 'தன் மகனால் பெருமை கொள்ளும் தவ்வாரிக் குலம்'. வாத்தியாரைச் சுட வருகிறவர்கள் அதைப் படித்து மனம் மாறுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

ஸப்ரி அதை வாங்கிக்கொண்டு என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்து என்னிடம் நீட்டினார். டெரெக்கின் தாளில் இருந்த ஒரு சொல்கூட அதில் இல்லை. தவ்வாரிக் குலத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை, எல்லாவற்றையும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக எழுதியது தான்தான் என்று, தன் பெயர், அப்பா பெயர், வீடு இருக்கும் தெரு எல்லாம் போட்டிருந்தார்.

"தெருப் பேரு எதுக்கு, அபூ ரீம்?" என்றேன். மகள் ரீமின் பெயரை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அது இல்லேன்னா இதையும் கம்பெனி எழுதினதுன்னுதான் சொல்லுவானுங்க."

நான் கட்டம் போட்டேன். டெரெக்குக்கு அரபி படிக்கத் தெரியாது, அபூ நிஸார் விளம்பரத்தைத் தவிர எதையும் படிப்பதில்லை. கம்பெனி காசு கொடுத்து அச்சடித்த முதல் உண்மை வியாழக்கிழமை காலை மூன்றாம் பக்கத்தில் வந்தது. மத்தியானத்துக்குள் ஸப்ரி மனைவியையும் மகள் ரீமையும் கூட்டிக்கொண்டு டமாஸ்கஸ் பஸ் ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஸப்ரியின் வீட்டுக்கு வந்தார்கள், பூட்டை உடைத்தார்கள், அவருடைய அகராதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

அந்த இதழ் ஒன்று விடாமல் விற்றுத் தீர்ந்தது. பத்திரிகையில் வந்ததையெல்லாம் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்பும் வேலையும் ஸப்ரியுடையதுதான், அவரும் போய்விட்டார் என்பதால், அக்கரையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விற்ற கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, தவ்வாரிக் கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பைப் பாராட்டி டெரெக் கடிதம் அனுப்பினான்.

அபூ நிஸார் ஸப்ரியின் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். எனக்கும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், எனக்கும் சோறு போட வேண்டிய வீடு இருக்கிறது. அடுத்த வாரமே மூன்றாம் பக்கத்தில் புது ஆள் எழுத ஆரம்பித்தார். குலப்பெயர் வைக்கவில்லை, அந்தத் தவறை நான் செய்வேனா? வெறும் கரீம் ஹஸன். பாக்தாதில் அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.