தாய்வழி வலி

கடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள் பொன்செல்வி. வண்ணார்பேட்டையில் பேருந்துகள் திரும்புகிற முக்கில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை. மாதத்தில் இரண்டு நாள் அவளை நாற்காலியில் பார்க்க முடியாது. சீட்டை வாசிப்பது நின்றபடி. மாத்திரை அட்டையைக் கத்தரிப்பது நடந்தபடி. "உக்காந்தா முறுக்கிப் பிடிக்குக்கா. நடந்தா கொஞ்சம் மறக்கு" என்பாள், ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போகும் என்னிடம்.

இருபத்திரண்டு வயது. கல்லூரிப் பெண்கள் குரலை இறக்கி நாப்கின் கேட்டால் செய்தித்தாளில் சுற்றித் தரமாட்டாள். "சோப்பு வாங்குனா சுத்தியா கொண்டு போறிய?" வலி மாத்திரை கேட்பவளிடம், "ஒங்க அம்மாவுக்கும் உண்டா?" என்று விசாரிப்பாள். இந்தக் கேள்வி போன மாதத்திலிருந்துதான்.

போன மாதம் வலி வந்த ஒருநாள், அவள் கல்லாப்பெட்டி அருகிலேயே மயங்கி விழுந்தாள். அதுவரை அம்மா பேச்சித்தாய், "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள். கல்லிடைக்குறிச்சியில் நடவு வயலில் நின்றவள் சேற்றுக்காலோடு பஸ் ஏறி வந்து, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி வலி இருந்துதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லம்மா" என்றாள் பேச்சித்தாய். டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார்.

பொன்செல்விக்குச் சந்தேகம். "ஏம்மா, ஒங்கூடப் பொறந்த பெரியம்மா வயித்துல துணியக் கட்டிக்கிட்டு உருளும்லா? அதச் சொல்லு."

"சும்மா இரிட்டீ. பொண்ணு பாக்க வாரவங்க காதுல விழுந்தா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "இங்க பேசுறது வெளிய போகாது. அம்மா வழியில இருந்தா பிள்ளைக்கும் வரலாம். தெரிஞ்சாத்தான் நான் சரியாப் பாக்க முடியும்."

பேச்சித்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "எனக்கும் உண்டு. முப்பத்திமூணு வயசுல கர்ப்பப்பைய எடுத்துட்டாவ."

"குடல்வால் ஆபரேசன்னு சொன்ன?" பொன்செல்விக்குக் கோபத்தில் குரல் உயர்ந்தது. "பத்து வருசமா நான் துடிக்கேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஒனக்கும் அப்படி ஆயிருமோன்னு பயந்தேன், மக்கா. சொன்னா வந்துருமோன்னு..."

பேச்சித்தாய் சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே குறுக்காக ஓடியது தழும்பு. பொன்செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்து, அந்தத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.