வத்தல் காயும் லாரி

போன சனிக்கிழமை காலை, என் சொந்த லாரியில் ஏற எனக்கு அனுமதி கிடைக்கவில்லை.

கையில் சாவியும் துடைக்கிற துணியுமாகப் பின்பக்கம் போய் நின்றேன். மேலே என் மனைவி அமுதா முறுக்கு உரலைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் இன்னொரு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்தவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். லாரி பாடி முழுக்க வெள்ளை வேட்டிகள். வேட்டிகள் முழுக்கக் கூழ் வத்தல். அவை என்னுடைய வேட்டிகள் என்பது கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"காலக் கழுவிட்டு வந்தீகளா?" என்றாள் அமுதா.

கழுவவில்லை. கழுவினாலும் கிரீஸ் போகாது. சாவியோடு திரும்பிவிட்டேன்.

நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல்லியைப் பற்றி எழுதினாலும் பாதியில் லாரி வந்துவிடுகிறது என்று ஒரு வாசகர் ஏற்கெனவே குறைப்பட்டிருக்கிறார். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக...

மூக்கு முன்னால் நீண்டிருக்கும் அந்தக் காலத்து லாரி. மேகமலை எஸ்டேட்டிலிருந்து தேயிலைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு எங்கள் சின்னமனூருக்கு இறங்கிய வண்டி. பிறகு ஜெயமங்கலத்தில் ஒரு தென்னந்தோப்பில் பல வருடம் ஓய்வெடுத்தது. நான் பார்த்தபோது பானட் வழியாக ஒரு பப்பாளி மரம் வளர்ந்து நின்றது. மரத்தில் காய் வேறு. பழம் பறித்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தோப்புக்காரர். விவரமான ஆளாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். நான் பழுக்கும்வரை காத்திருந்தேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் நான் வரைந்த டீசல் என்ஜின் ஒருநாளும் ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததில்லை. அந்தத் தைரியம்தான். துணைக்கு நூர்ஜஹானின் கணவர் காதர் பாய். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நட்டு போல்ட்டு விற்கிறவருக்கு மாட்டத் தெரியாதா என்று நான் நினைத்தேன். இயற்பியல் படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று அவர் நினைத்தார். இப்படி ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில் மூன்று வருடம் ஓடிவிட்டது. லாரிதான் ஓடவில்லை.

சரி, லாரிக்குள் வத்தல் எப்படி வந்தது?

எல்லாம் என் கைங்கரியம். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் ஷெட் போட அளவெடுத்தவன் நான். பாடியை அளந்தேன், கேபினை அளந்தேன். மூக்கை விட்டுவிட்டேன். ஷெட் முடிந்து வண்டியை உள்ளே தள்ளினால் பாடியில் பாதி வெளியே வெயிலில் நிற்கிறது. ஒரு மூக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம்.

மொட்டைமாடி இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அங்கே பழைய கதவுகள், சீட்டுகள், மட்கார்டுகள், ரேடியேட்டர், இன்னும் எனக்கே பெயர் தெரியாத இரும்புகள்... கீழே கிடந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆள் வைத்து மாடியேற்றியவனும் நான்தான். காதர் பாய் வீட்டு மாடியிலோ மகள் கல்யாணத்துக்காக ஒரு அறை கட்டுகிறார்கள். ஒரே சிமென்ட் தூசி.

ஒருநாள் லாரியின் மூலையில் ஒரு முறத்தில் மிளகாய் இருந்தது. பெரிய மனது பண்ணிக் கண்டுகொள்ளாமல் விட்டேன். மறுநாள் பாய் விரித்திருந்தார்கள். ஆடு எட்டாத உயரம், கோழி ஏறாத உயரம், போதாக்குறைக்கு நான் புதிதாக ரந்தா பிடித்து இழைத்துப் போட்ட வழவழப்பான பலகை. விடுவார்களா? சுண்டைக்காய் வந்தது, கொத்தவரங்காய் வந்தது. கடைசியில் கூழ் வத்தலும் வந்து குடியேறியது. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பார்கள். இங்கே பாயோடுதான் வந்தார்கள். லாரிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் நான் அமுதாவிடம் தேதி வாங்க வேண்டியிருந்தது.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிக்கல் இந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்தது.

மதுரையில் பழைய வண்டிகளுக்கு ஒரு கண்காட்சி. பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு நின்றேனா? பழைய மாணவர்கள், டீக்கடை, முடிவெட்டும் கடை, சம்பந்தி வீடு என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். என்ஜின் போன மாதமே உறுமத் தொடங்கியிருந்தது. ஷெட்டுக்குள் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நகர்த்தியும் பார்த்தாகிவிட்டது. மதுரைக்கு ஓட்டிக்கொண்டே வருவீர்களா சார் என்று ஒரு மாணவன் கேட்டான். பின்னே, தள்ளிக்கொண்டா வருவேன் என்று அவனை மடக்கினேன்.

நூர்ஜஹானுக்கும் அதே ஞாயிறுதான் வேண்டும். ஒரே மகளைக் குமுளியில் கொடுக்கிறார்கள். அங்கே எப்போது பார்த்தாலும் மழை, வத்தல் காயப்போட வழியே இல்லை. கல்யாணம் முடிந்து போகிற பெண்ணோடு ஒரு வருடத்துக்கான வத்தல் போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மேற்கே மலையில் மேகம் உட்கார ஆரம்பித்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் சாரல் இறங்கிவிட்டால் பாதி காய்ந்த வத்தல் பூசணம் பூத்துவிடும். இன்னும் ஒரு முழு வெயில் கிடைத்தால் தப்பித்தது.

ஆக, கேள்வி எளிது. ஞாயிற்றுக்கிழமை வெயில் யாருக்கு... வத்தலுக்கா, எனக்கா?

நான் அறிவியலைத் துணைக்கு அழைத்தேன். ஓடுகிற வண்டியில் காற்றோட்டம் அதிகம். வத்தலோடு மதுரை போய்வந்தால் இன்னும் சீக்கிரம் காயும் என்றேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் பாதி வத்தல் ரோட்டில் கிடக்கும், மீதி வத்தலில் ரோடு கிடக்கும் என்றாள் அமுதா. மாடியைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நியாயமான பேச்சுதான். நான் மாடியைப் பார்த்தேன். ஏற்றவே ஒரு வாரம் ஆனது. காதர் பாயைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் விட்டுக்கொடுத்தது நூர்ஜஹான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஊரெல்லாம் சொல்லிட்டாக. போகாட்டி அவுகளுக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல," என்று அமுதாவிடம் சொன்னார். பிறகு வேட்டியை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கொஞ்சம் வீணாப்போனா என்னாண்ணே? மக கூட நான் போயி இருக்க முடியாது. வத்தலாச்சும் போகட்டும்னு நெனச்சேன்."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? கண்காட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெயில் உங்களுக்கே என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் என் லாரிக்கு முன்னால் மாணவர்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கும் காட்சி குறுக்கே வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலமே வத்தல் எல்லாம் எங்கள் ஹாலில் ஃபேனுக்கு அடியில் வந்து சேர்ந்தது. அதைத் தாண்டித் தாண்டித்தான் படுக்கப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. தூக்கமும் நன்றாகத்தான் வந்தது.

ஞாயிறு காலை தெருவே கூடிவிட்டது. அமுதா டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். காதர் பாய் பிஸ்மில்லா சொல்லிக் கேபினில் ஏறினார். நான் ஸ்டார்ட் செய்தேன். சைலன்சர் கக்கிய கரும்புகையில் எதிர்வீட்டுக் கோலம் கொஞ்ச நேரம் காணாமல் போனது. பழம் நசுங்கியது. கேட்டைத் தாண்டிவிட்டோம்! தெருவில் உருண்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... அப்படி ஒரு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை. ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டே போனேன், யாருக்கு என்று தெரியாமலே.

தெருமுனையில் நெல் அடிக்கிற களத்துப் பக்கம் திரும்பும்போது என்ஜின் ஒரு தும்மல் போட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

பானட்டைத் திறந்தோம். நான் இயற்பியலாகப் பார்த்தேன். காதர் பாய் ஹார்டுவேராகப் பார்த்தார். டீசல் இருந்தது, பேட்டரி இருந்தது. கோளாறு என்னவென்று சொல்லத்தான் ஆள் இல்லை. கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாஸோடு வந்து, மதுரை வரைக்கும் தள்ளினால் எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று அக்கறையாக விசாரித்தார்.

போன் அடித்தது. அதே மாணவன். எனக்காக ஒதுக்கிய இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறான். வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருட உழைப்பு ஒரு தெருவைத் தாண்டவில்லை. சிரிக்காதீர்கள், அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான் அமுதாவும் நூர்ஜஹானும் வந்தார்கள். தலையில் முறம், இடுப்பில் சுருட்டிய வேட்டிகள். ஆறுதல் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து முகத்தை இன்னும் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். இருவரும் என்னைக் கடந்து போய்ப் பின்கதவைத் திறந்தார்கள். நூர்ஜஹான் மேலே ஏறி நாலு பக்கமும் பார்த்தார்.

"அமுதா, இங்கன மரமே இல்ல பாரு. அங்கன மூணு மணிக்கெல்லாம் வேப்பமரத்து நெழலு வந்துரும். இங்கன பொழுதடையிற வரைக்கும் வெயிலு."

அமுதா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நல்ல எடமாப் பாத்துத்தான் நிப்பாட்டிருக்காக," என்றாள்.

கேலியா, பாராட்டா? இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டதே இல்லை. நானும் எழுந்து, காலைக் கழுவிக்கொண்டு, வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அன்று முழுக்க நல்ல வெயில். சாயங்காலம் நூர்ஜஹான் ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்த்தார். டிக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை ஒடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வத்தல் ஒடிந்த அந்தச் சத்தம், என் என்ஜின் முதன்முதலில் உறுமிய சத்தத்தைவிட இனிமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். என்ஜினுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நாம் ஒன்றுக்காக உயிரைக் கொடுத்து ஒரு பொருளைத் தயார் செய்கிறோம். அது வேறு ஒன்றுக்குப் பயன்பட்டு நல்ல பேர் வாங்கிவிடுகிறது. எத்தனை வீடுகளில் டிரெட்மில்லில் துணி காய்கிறது! அங்கெல்லாம் யாராவது வருத்தப்படுகிறார்களா என்ன?

இதை எழுதும் செவ்வாய்க்கிழமை வரை சாரல் வரவில்லை. லாரியும் தெருமுனையை விட்டு வரவில்லை. காலையில் காதர் பாய் வந்தார். உத்தமபாளையத்தில் ஒரு கெட்டிக்கார மெக்கானிக்கைப் பிடித்துவிட்டாராம். இப்போதே கூட்டிக்கொண்டு வந்தால் மத்தியானத்துக்குள் ஓடவைத்துவிடுவாராம்.

அவசரப்படாதீர்கள் பாய் என்று நான்தான் தடுத்துவிட்டேன் — மோர்மிளகாய்க்கு இன்னும் இரண்டு வெயில் வேண்டுமாம்.