தூசி என்று சொன்னேன்

“உன் அப்பா சொன்னதைத்தான் நீ சொல்கிறாயா?” என்று பட்டறை ஃபோர்மேன் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா இரண்டு நிமிடம் பேசியதை நான் ஒரே வரியில் முடித்திருந்தேன். சந்தேகம் வராமல் என்ன செய்யும்? “தமிழில் எல்லாமே நீளம், சார்” என்றேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அமீரகத்து அல் ஐனில், சனையா என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில், ஃபைபர் பொம்மைகள் செய்யும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. ஊரில் கோபுரங்களுக்குச் சுதைச் சிற்பம் செய்தவர், இங்கே மால் வாசல்களுக்கு ஒட்டகமும் பருந்தும் ஆளுயரக் காபிக் கூஜாவும் செய்துகொண்டிருந்தார். எழுத்து என்றால் அவருக்குத் தன் கையெழுத்து மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் காகிதங்களை நான்தான் படிப்பேன். நான் படித்துச் சொன்னதுதான் சட்டம். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் ஒரு மாலில் எகிப்து அலங்காரம். ஃபோர்மேனும் எகிப்துக்காரர்தான். அவர் ஒரு படத்தைக் கொடுத்து, இது ப்தா, உலகத்தை மனதில் நினைத்து வாயால் சொல்லியே படைத்த கடவுள், அந்தக் காலத்துத் தச்சரும் சிற்பியும் கும்பிட்டது என்று சைகையும் துண்டு துண்டுச் சொற்களுமாக விளக்கியிருக்கிறார். அவருக்கு அது பள்ளிக்கூடத்தில் படித்த பழங்கதை. அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டடி உயர உருவத்தை முடித்து, கண்ணை மட்டும் விட்டுவைத்து, சுற்றிலும் பெட்ஷீட் கட்டிவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உள்ளே போய் வந்தார். ஒட்டகத்துக்கு இல்லாத திரை இதற்கு எதற்கு என்று பேச்சு கிளம்பியது. உள்ளே கண்ணாடியும் கிண்ணத்தில் தேனும் இருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். சிஹர் என்ற சொல் ஃபோர்மேன் காதுக்குப் போனது. சிஹர் என்றால் சூனியம். இந்த நாட்டில் அது விளையாட்டில்லை. வேலை போகும், விசா போகும், என் பள்ளிக்கூடமும் போகும்.

விசாரணைக்கு வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். பேசத் தெரிந்த ஆளையும் கூட்டி வரச் சொன்னார்கள். பெயின்ட் அடிக்கும் காயல்பட்டினத்து பாய் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச அரபி யல்லா, கலாஸ், மாஃபி. இதுல வாயத் தொறந்தா என்னையும் சேத்து ஃப்ளைட் ஏத்திருவான். பாப்பாதான் படிக்கிதுல்ல?”

அப்படித்தான் நான் உள்ளே போனேன். திரை விலகியிருந்தது. பச்சை முகம். பிணத்தைச் சுற்றியதுபோல் உடம்பு முழுக்கத் துணி, வெளியே இரண்டு கைகள், அதில் ஒரு கோல். எதிரே கண்ணாடி. வீட்டில் காலண்டர் சாமிக்கே அவசரமாகக் கும்பிடு போடும் அப்பாவுக்கு இங்கே என்ன வேலை? உண்மையில் எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பா என்னிடம் சொன்னார்: “ஒண்ணு விடாம சொல்லு பாப்பா. இது பூசையும் இல்ல, சூனியமும் இல்ல. கண்ணத் தொறந்ததும் அது பாக்குற மொதப் பார்வை ஆளு மேல படக் கூடாது, அதுக்குத்தான் கண்ணாடி. தேன் தொட்டுத்தான் தொறப்போம், அது எங்க வழக்கம். வேலைக்காரங்க சாமின்னு அவருதான சொன்னாரு? அந்தச் சாமிக்கு நான் பொம்மைக் கண்ணு வரைய மாட்டேன்.”

சாமி, பார்வை, தேன். ஒவ்வொரு சொல்லும் எங்களை விமானத்தில் ஏற்றிவிடும்போல் இருந்தது. “ஈரப் பெயின்டில் தூசி படியும், அதற்குத்தான் திரை” என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கண்ணாடி? வெளிச்சம் பார்க்க. தேன்? அப்பாவுக்கு இருமல்.

ஃபோர்மேன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டி “கலாஸ்” என்றார், விஷயம் முடிந்தது என்று. மறுநாள் ஒரு பாட்டில் நல்ல தேன் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தேனைத் தொட்டுத்தான் அப்பா கண் திறந்தார்.

ஃபோர்மேன் எகிப்துக்குத் திரும்பிப் பல வருடங்களாகிவிட்டன. ஒவ்வொரு பெருநாளுக்கும் அப்பாவின் போனுக்கு வாழ்த்து அனுப்புவார். அப்பாவும் ஒவ்வொரு முறையும் சொல்வார்: “நம்ம வேலையப் புரிஞ்சுக்கிட்டு தேன் வாங்கிக் குடுத்த மனுஷன்.” நான் குடும்பத்தைக் காப்பாற்றியவள் என்ற பெருமையில் வாயை மூடிக்கொள்வேன். அன்று அப்பா கேட்டது காப்பாற்றச் சொல்லி அல்ல, ஒரு வேலைக்காரனின் மனதை இன்னொருவரிடம் சேர்க்கச் சொல்லி என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.

இப்போது எனக்கு அரபி மொழிபெயர்ப்புதான் உத்தியோகம். போன பெருநாளில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அந்தத் தேனு?”

“உங்க இருமலுக்குப்பா.”

அவர் சிரிக்கவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அன்று அவர் சொன்னதை முழுவதும் ஃபோர்மேனுக்கு அரபியில் எழுதினேன். பிறகு வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். தேன் தொடுவது எங்கள் வழக்கம் என்ற ஒரே இடத்தில் நிறுத்தினார்.

“வழக்கம்னு போடாத. அது ஊர்ச் சாமிக்கு. இதுக்கு எனக்கு அப்படித் தோணுச்சுன்னு போடு.”

மாற்றினேன். அனுப்பிவிட்டேன்.