கெனேவே சொல்லாத பெயர்

லெசோத்தோவின் ரோமா பள்ளத்தாக்கில் கெனேவேயை இரண்டு விதமாக அழைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் டாக்டர் கெனேவே. மலையடிவாரத்து மாமனார் வீட்டில் மாதூசோ, கல்யாணத்தன்று அவர்கள் வைத்த பெயர். டாக்டர் கெனேவே அமைச்சர்கள் முன்னாலும் குரலைத் தாழ்த்த மாட்டாள். மாதூசோ மாமனார் முன்னால் இருமுவதற்குக்கூட யோசிப்பாள். இந்த இரண்டு பேரும் ஒரே உடம்பில் பல வருடமாகச் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்திவந்தார்கள்.

அவளுடைய அப்பா எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். "ஏன் மேடம் சட்டம் படிச்சீங்க?" என்று மாணவர்கள் கேட்டால், "கணக்கு வரல, அதான்" என்பாள். மேற்கொண்டு துருவினால், மறுநாள் எந்தத் தீர்ப்பைப் படித்துவர வேண்டும் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அந்த வருடம் அவளைப் பிடித்து ஆட்டியது ஒரு தொலைபேசிக் குரல். முதியோர் ஓய்வூதியம் இனிக் கைப்பேசிக்கே வந்துவிடும் என்று பள்ளத்தாக்கில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியிருந்தார்கள். நடத்தியது லென்ட்ஸ்வே என்ற தனியார் நிறுவனம். மாதம் பிறந்தால் போன் அடிக்கும். ஒரு பெண்குரல், சுத்தமான செசோத்தோ மொழியில், "குடும்பத் தலைவரோட அப்பா பேரைச் சொல்லுங்க" என்று கேட்கும். பதிவு செய்த பெயரோடு பொருந்தினால் பணம் வந்து விழும். தொடர்ந்து மூன்று மாதம் பொருந்தாவிட்டால், இது மோசடி என்று இயந்திரம் தானே முடிவுகட்டித் தானே நிறுத்திவிடும். போய் நின்று கேட்க ஓர் அலுவலகம் இல்லை, கெஞ்ச ஒரு முகம் இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நின்றுபோயிருந்தது. அத்தனை பேரும் பெண்கள்.

கெனேவே வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இயந்திரம் என்ன சொல்லிற்று, எத்தனை முறை சொல்லிற்று, வைத்த பிறகு என்ன ஆயிற்று. பிறகு தன் மாணவர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தாள். எல்லாருடைய குரலையும் இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. இயந்திரத்துக்கு இளம் குரல்கள்தான் பழக்கம்; பல் விழுந்த வாயின் பேச்சு அதற்குப் புரியவில்லை. முதிய ஆண்களின் குரலைச் சோதிக்கலாமென்றால், அந்த வயதை எட்டிய ஆண்கள் பள்ளத்தாக்கில் குறைவு. சுரங்கங்கள் முந்திக்கொண்டிருந்தன. பெண்கள் சொன்னதை வைத்தே எழுதினாள். கேப் டவுனில் ஒரு சட்ட இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் கட்டுரை யாருக்கும் சோறு போடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில், உதவித்தொகை ஓர் உரிமை. நிறுத்தினால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். இந்தப் பக்கம் லெசோத்தோவில் அரசியலமைப்பு அதை ஒரு நல்ல நோக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேற முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோகும் மசோதாவைப் பற்றி ஊராரிடம் கேட்க, பாராளுமன்றக் குழு பள்ளத்தாக்குக்கே வந்து பிட்சோ என்ற ஊர்க்கூட்டத்தைக் கூட்டப்போகிறது. பிட்சோவில் யாரும் பேசலாம், யாரையும் மடக்கலாம். மசோதாவில் கெனேவே சேர்க்க விரும்பியது ஒரே ஒரு வாக்கியம்: ஓர் ஆள் நேரில் போய்க் கேட்காமல் எவருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தக் கூடாது. அதைச் சேர்க்காமல் குழு கிளம்பிப் போய்விட்டால், பள்ளத்தாக்கின் நாற்பது பேர் மலைநாடு முழுவதும் நாலாயிரம் பேராவார்கள்.

ஆகஸ்ட் காற்று புழுதியை வாரி அடித்த காலையில், ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் சேர்ந்தது. போர்வை போர்த்திய பெண்கள் ஒரு பக்கம், தொப்பிக்காரர்கள் ஒரு பக்கம், வேலியோரம் குதிரைகள். அமைதி, மழை, விளைச்சல் என்று மூன்று முறை முழங்கிக் கூட்டம் தொடங்கியது. குழுத் தலைவி மாபுலேங் அம்மா, அவர்கள் பேச்சில் எம்மே மாபுலேங், மேசைக்குப் பின்னால். ஆண்கள் வரிசையில் முதல் நாற்காலியில் கெனேவேயின் மாமனார். மருமகள் பேசுவதைக் கேட்க, இருப்பதிலேயே நல்ல போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

கெனேவே நன்றாகத்தான் பேசினாள். முதிய குரல், பல்லில்லாத வாய், இளம் குரல்களையே கேட்டு வளர்ந்த இயந்திரம். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. அவளுக்கு ஜெயித்துவிடலாம் போலிருந்தது.

லென்ட்ஸ்வே நிறுவனத்தின் மேலாளர் போகாங் எழுந்தான். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு, இன்னும் கல்யாணமாகாதவன். "டாக்டர் சொல்றத நான் மறுக்கல. சோதிச்சுப் பாத்துருவோம். இங்க பல்லு இல்லாத தாத்தா யாராச்சும் இருக்கீங்களா?"

"என் வாயில இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஆடுது" என்று எழுந்தார் முதியவர் துலோ. கூட்டம் சிரித்தது. போகாங் அவர் விவரங்களைத் தட்டி ஏற்றி, போனை ஒலிபெருக்கியோடு இணைத்தான். குரல் கேட்டது. துலோ தன் அப்பாவின் பெயரைக் காற்றும் எச்சிலுமாகச் சொன்னார்.

"நன்றி. பெயர் பொருந்தியது" என்றது இயந்திரம்.

ஆண்கள் பக்கம் கைதட்டல். இன்னொரு தாத்தாவும் வந்தார், அவரும் தேறினார். போகாங் சிரிப்பு மாறாமல் அவள் பக்கம் திரும்பினான். "டாக்டர், நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாருங்களேன். உங்க வீட்டு விவரத்தையே போட்டுக்கலாம்."

போனை வாங்கி மடமடவென்று தட்டினாள். குடும்பத் தலைவர், கணவன் ட்சேபோ. அவனுடைய அப்பா பெயர், அதையும் தட்டினாள். விரலுக்கு ஒரு தடையும் இல்லை. போன் அடித்தது.

"குடும்பத் தலைவரோட அப்பா பேரைச் சொல்லுங்க."

கெனேவே வாயைத் திறந்தாள். மூன்றடி தள்ளி மாமனார் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடியே நின்றது. கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை; மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது.

"மறுபடியும் சொல்லுங்க" என்றது குரல்.

"ட்சேபோவோட அப்பா" என்றாள் கெனேவே.

"பெயர் பொருந்தவில்லை."

மாமனார் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "சொல்லிரும்மா" என்று தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் காதப் பொத்திக்கிறேன்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கெனேவே சிரிக்கவில்லை. இறுக்கிக் கட்டிய முடிச்சு ஒன்று தானாக அவிழ்ந்தது போலிருந்தது. போனைப் போகாங் கையில் திணித்துவிட்டுப் பெண்கள் பக்கம் ஓட்டமாக நடந்தாள்.

"எம்மே மாநேயோ, போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

மாநேயோவுக்கு எண்பது வயது. ஓய்வூதியம் நின்று ஆறேழு மாதம் ஆகியிருந்தது. "என்ன சொல்லுவேன்? பெரிய வீட்டுக்காரருன்னேன். அவளுக்கு வெளங்கல. நெறைய மாடு வெச்சிருந்தாரே, அவருதான்னேன். பட்டுனு வெச்சுட்டா."

"பேரு?"

"பேரச் சொல்லுறதா? உனக்கென்ன கிறுக்கா?"

"அவரு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே?" என்று ஆண்கள் பக்கமிருந்து துலோ கத்தினார்.

"செத்தா காது கேக்காதா? உங்கப்பன் தாண்டா உயிரோட இருந்தப்பவே செவிடு."

இப்போது பெண்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். ஒருத்தி பெயருக்குப் பதிலாகக் குலத்தின் புகழ்ப்பாட்டைப் பாடியிருக்கிறாள். இயந்திரம் பாதியிலேயே வைத்துவிட்டது. இன்னொருத்தி மூன்று மாதமும் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லவைத்தாள். ஒரே குரல் இரண்டு போனில் கேட்கிறது என்று அவளுக்கும் நின்றுபோனது. வேறொருத்தி போனைத் தரையில் வைத்து முழந்தாளிட்டு, மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

"நான் வீட்டுக்கு வந்து கேட்டப்ப ஏன் சொல்லல, எம்மே?" கெனேவேயின் குரலில் கோபம் இல்லை.

"மெஷினு என்ன சொல்லுச்சுன்னு தானே கேட்ட? நான் என்ன சொன்னேன்னு கேட்டியா?" மாநேயோ போர்வையைச் சரிசெய்துகொண்டாள். "நீயும் ஒரு வீட்டு மருமவ தானே. தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

டாக்டர் கெனேவே சோதித்த மாணவர்களில் ஒருவருக்கும் கல்யாணமாகவில்லை. அவர்கள் தாத்தா பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். மாதூசோவை அவள் சோதிக்கவே இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை அடியோடு தவறு. இன்றைக்கே கேப் டவுனுக்கு எழுதித் திரும்ப வாங்க வேண்டும். வெட்கப்பட வேண்டிய இடம். ஆனால் அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மேசை முன்னால் போய் நின்றாள். எழுதி வைத்திருந்த உரையைப் பார்க்கவில்லை. "எம்மே மாபுலேங், நான் தப்பாச் சொல்லிட்டேன். மெஷினுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இவங்க பொய் சொல்லல, ஏமாத்தல. மரியாதையா நடந்துக்கிட்டாங்க, அதத் திருட்டுன்னு அது எழுதி வெச்சிருச்சு. வருஷக்கணக்கா இதையே படிக்கிற எனக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியல. நாளைக்கு வேற ஊருல வேற கேள்வில வேற என்ன சிக்கும்னு இங்க யாருக்குத் தெரியும்? அதனாலதான் கேக்குறேன். நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு ஆளு வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'என்னம்மா ஆச்சு'ன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

போகாங் எழுந்தான். சிரிப்பு போயிருந்தது. "கேள்விய மாத்திடறோம், எம்மே. ஒரே நாள் வேலை."

"கேள்விய மாத்து" என்றாள் மாபுலேங். "ஆனா அதோட விடமாட்டேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "தம்பி, நான் என் மாமனார் வீட்டுக்கு வாக்கப்பட்டு நாப்பது வருஷம் ஆச்சு. போன மாசம் உங்க ஆளுங்க தலைநகர்ல எங்களுக்கு இதச் செஞ்சு காட்டுனாங்க. என் முறை வந்தப்ப, இருமல் வருதுன்னு சொல்லி வெளிய போயிட்டேன்."

குழு உறுப்பினர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கமிருந்து நாக்கைச் சுழற்றிக் குலவைச் சத்தம் கிளம்பி, வேலியோரத்துக் குதிரைகள் மிரண்டன.

அந்த வாக்கியத்தைச் சேர்க்கக் குழுவில் ஐந்து பேர் கை தூக்கினார்கள், ஒருவர் தூக்கவில்லை. நின்றுபோன ஓய்வூதியங்களை மசோதா நிறைவேறும்வரை பழையபடி அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். மாபுலேங் அதை உரக்கப் படிக்க, கெனேவே மேசை விளிம்பைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் கூடவே சொன்னாள்.

கூட்டம் கலையும்போது போகாங் பேனாவும் கையுமாகப் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். "சரி எம்மே, நீங்களே சொல்லுங்க. ஆள அடையாளம் தெரிஞ்சுக்க வேற என்னதான் கேக்கறது?"

"எழுதிக்க" என்றாள் மாநேயோ. "மொதல்ல, சாப்டியான்னு கேக்கச் சொல்லு."